மெடிக்கல் கவுன்சிலில் கொடுத்த புகார் நகரவில்லையே, என்ன செய்வது?

கேள்வி:

என் அம்மாவுக்கு 56 வயது. பெங்களூரு அல்சூரில் சின்னதாக இட்லிக் கடை வைத்திருக்கிறார். 19 மாதங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி ஆபரேஷன் செய்தார்கள். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வயிறு உப்பிக் காய்ச்சல் வந்தது. திரும்ப அழைத்துப் போனோம். வயிற்றில் வாயு (கேஸ்) என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஆறாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. வேறு மருத்துவமனையில் காட்டியபோதுதான் பித்த நாளத்தில் அடிபட்டு, பித்தநீர் வயிற்றுக்குள் கசிந்திருப்பது தெரிந்தது. அங்கே மேலும் இரண்டு ஆபரேஷன். முதல் இடத்தில் 1.1 லட்சம், இரண்டாவது இடத்தில் 6.4 லட்சம் செலவு. எட்டு மாதம் கடை மூடிக் கிடந்தது.

மருத்துவமனைக்கு எழுதினோம், 'நெறிமுறைப்படியே சிகிச்சை அளிக்கப்பட்டது' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. போலீசில் மெடிக்கல் கவுன்சிலுக்குப் போகச் சொன்னார்கள். கவுன்சிலில் புகார் கொடுத்து 14 மாதமாகிறது. நோட்டீஸ் போயிருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கிய படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். டாக்டரை டாக்டர்களே விசாரித்தால் நியாயம் எப்படிக் கிடைக்கும்? எங்கள் பகுதித் தமிழர்கள் சேர்ந்து இந்த முறையை மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். அதில் எதைக் கேட்க வேண்டும்?

வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மனுவைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 69-ஆம் பிரிவு இரண்டு ஆண்டுக் கெடு விதிக்கிறது. கவுன்சிலில் புகார் நிலுவையில் இருப்பதால் இந்தக் கெடு நின்றுவிடாது. 'கவுன்சில் முடிவு வரட்டும், அதை வைத்து நஷ்டஈடு கேட்போம்' என்று காத்திருந்து வழக்கை இழந்த குடும்பங்கள் ஏராளம். தவறு தெரியவந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று வாதிட இடமுண்டு. நியாயமான காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. ஆனாலும் அதை நம்பி இருக்காதீர்கள். முதல் ஆபரேஷன் நடந்த தேதியிலிருந்தே எண்ணுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. நம் நாட்டில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். டாக்டர் தொழில் ஒழுங்கை மீறினாரா என்று பார்ப்பது கர்நாடக மெடிக்கல் கவுன்சில். அதனால் எச்சரிக்கவும், பதிவை நிறுத்திவைக்கவும், பெயரை நீக்கவும் முடியும். ஒரு ரூபாய்கூட வாங்கித் தர முடியாது. மருத்துவமனை என்ற நிறுவனத்தின் மேல் அதற்கு அதிகாரமும் இல்லை. நஷ்டஈடு நுகர்வோர் ஆணையத்தின் வேலை. மருத்துவமனையின் கட்டணம், ஆவணம் தர மறுப்பது, நோயாளி உரிமைப் பட்டியலை மீறுவது இவையெல்லாம் கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2007-இன்படி டி.சி. (மாவட்ட ஆட்சியர்) தலைமையிலான மாவட்டப் பதிவு மற்றும் குறைதீர் அமைப்புக்குப் போகும். குற்றம் என்றால் போலீஸ்.

போலீஸ் விஷயத்தில் உங்கள் சக்தியை இப்போது செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொன்னபடி, டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு நடத்த சாதாரணக் கவனக்குறைவு போதாது; மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும். விசாரணை அதிகாரி, வழக்கில் சம்பந்தப்படாத டாக்டர் ஒருவரிடம், முடிந்தால் அரசு டாக்டரிடம், முதலில் கருத்து வாங்க வேண்டும். உங்கள் அம்மாவின் வழக்கில் அந்த அளவுக்கு நிரூபிப்பது கடினம்.

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம். லேப்ராஸ்கோபி முறையில் பித்தப்பையை எடுக்கும்போது பித்த நாளம் அடிபடுவது மருத்துவ உலகம் அறிந்த சிக்கல்தான். ஆயிரம் ஆபரேஷனுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை நடக்கலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆகவே 'நாளம் அடிபட்டது, அதனால் இது அலட்சியம்' என்று எழுதினால், மறுதரப்பு வக்கீல் ஒரே பத்தியில் பதில் சொல்லிவிடுவார். உங்கள் புகார் நகராமல் கிடப்பதற்கு அது எழுதப்பட்ட விதமும் ஒரு காரணமாக இருக்கலாம். கேட்க வேண்டியவை வேறு.

ஆபரேஷன் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது? எதையும் வெட்டுவதற்கு முன், பித்தப்பைக்குப் போகும் குழாயும் ரத்த நாளமும் மட்டுமே அங்கே இருக்கின்றன என்பதை சர்ஜன் தெளிவாகப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். காலட் முக்கோணம் என்று சொல்லப்படும் அந்தப் பகுதியைப் பிரித்துப் பார்த்ததாகவும், இரண்டுக்கும் கிளிப் போட்டதாகவும் குறிப்பில் இருக்கிறதா? வீக்கமும் ஒட்டுதலும் அதிகமாக இருந்து உள்ளே சரியாகத் தெரியவில்லை என்றால், வயிற்றைத் திறந்து செய்வதா என்று யோசித்ததற்கான பதிவு உண்டா? உள்ளே கசியும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாய் வைத்தார்களா? பல மருத்துவமனைகளில் லேப்ராஸ்கோபியை வீடியோவாகப் பதிந்து வைப்பார்கள். உங்கள் விஷயத்திலும் பதிவு இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அதைவிட முக்கியமானது மூன்றாம் நாள். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் வயிறு உப்பிக் காய்ச்சலோடு ஒருவர் வந்தால், பித்தக் கசிவு இருக்குமோ என்று சந்தேகப்படுவது சர்ஜரி படித்த யாருக்கும் பாடம். கல்லீரல் ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் இரண்டும் எந்த நடுத்தர மருத்துவமனையிலும் அன்றைக்கே செய்யக்கூடியவை. அவை செய்யப்பட்டனவா? காய்ச்சல் எவ்வளவு, நாடித்துடிப்பு எவ்வளவு என்று ஓ.பி. சீட்டில் எழுதினார்களா? அன்று பார்த்தவர் ஆபரேஷன் செய்த சர்ஜனா, டூட்டி டாக்டரா? சர்ஜனுக்குத் தகவல் சொன்னாரா? உங்கள் வழக்கின் உயிர் இந்த மூன்றாம் நாளில்தான் இருக்கிறது. அந்த ஓ.பி. சீட்டையும், மாத்திரைச் சீட்டையும், மருந்துக் கடை பில்லையும் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் நாளக் காயத்தின் வகையும், வயிற்றிலிருந்து எத்தனை மில்லி பித்தநீர் எடுத்தார்கள் என்பதும் இருக்கும். இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அது மருத்துவமனை தனக்குத் தோதாக எழுதிக் கொடுக்கும் சுருக்கம்தான். உங்களுக்கு வேண்டியது முழு கேஸ் ஷீட்: அட்மிஷன் குறிப்பு, நர்ஸ் குறிப்புகள், டெம்பரேச்சர் சார்ட், மருந்து சார்ட், மயக்க மருந்துப் பதிவு, ஆபரேஷன் குறிப்பு, ஒப்புதல் படிவங்கள், எல்லா ரிப்போர்ட்களும் ஸ்கேன் சி.டி.யும். இன்றும் நடைமுறையில் இருப்பது டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிமுறைகள் (2023 ஆகஸ்டில் வந்த புதியவை அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன). அவற்றின்படி உள்நோயாளி ஆவணங்களை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தராவிட்டால் அதுவே தொழில் ஒழுங்கு மீறல். நுகர்வோர் சட்டத்தின் 2(11) பிரிவும், தெரியவேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாடு என்கிறது.

கடிதத்தில் அம்மாவே கையெழுத்துப் போட வேண்டும். மகள் கேட்டால், நோயாளியின் அந்தரங்கம் என்று சொல்லி மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். ஐ.பி. (உள்நோயாளி) எண், அட்மிஷன் தேதி, அடையாள அட்டை நகல் சேர்த்து இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியோடு நேரமும் குறித்து சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்டில், கிடைத்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். 'புகார் நிலுவையில் இருப்பதால் மூல ஆவணங்களையும் ஆபரேஷன் வீடியோவையும் அழிக்கக்கூடாது' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நகல் கைக்கு வந்ததும் பக்கங்களை எண்ணி, ஒவ்வொன்றிலும் மருத்துவமனையின் சீல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில் மூன்று ஷிப்ட் நர்ஸ் குறிப்புகள் இருந்தாலோ, நேரம் குறிக்காத குறிப்பு வரிகளுக்கு இடையில் செருகியிருந்தாலோ பக்க எண்ணைக் குறித்துவையுங்கள். பின்னால் திருத்தப்பட்ட ஆவணம், சிகிச்சையில் நடந்த தவறைவிடப் பெரிய சாட்சியாகிவிடுவதுண்டு.

படிவம் ஆங்கிலத்தில் இருந்த விஷயத்தைத் தனிக் குற்றச்சாட்டாகவே வையுங்கள். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்புதல் என்றால் சிகிச்சையின் தன்மை, நன்மை, பெரிய அபாயங்கள், மாற்று வழிகள் ஆகியவை நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றது. படிவத்தில் விளக்கியவர் பெயர், எந்த மொழியில் விளக்கினார், சாட்சி யார், கையெழுத்து வாங்கிய நேரம் இவற்றைப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பத்து நிமிடம் முன்பு தியேட்டர் வாசலில் வாங்கிய கையெழுத்து என்றால் மயக்க மருந்துப் பதிவின் நேரமே அதைக் காட்டிக் கொடுக்கும்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு அம்மாவின் பெயரில்தான் இருக்க வேண்டும். எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டைப் பொறுத்ததல்ல. மருத்துவமனைக்குக் கொடுத்த தொகையைப் பொறுத்தது. நீங்கள் முதல் மருத்துவமனைக்குக் கொடுத்தது 1.1 லட்சம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். வீடு இருக்கும் இடத்திலேயே போடலாம். 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாகவும் பதியலாம். கேட்கும் தொகையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டுங்கள்: இரண்டாவது மருத்துவமனைச் செலவு, எட்டு மாதக் கடை வருமானம், ஆள் வைத்த செலவு, ஆட்டோ வாடகை, இனித் தேவைப்படும் பரிசோதனைகள், உடல் வேதனை. இட்லிக் கடைக்கு வருமானச் சான்று ஏது என்று விட்டுவிட வேண்டாம். கியூ.ஆர். கோடு வழியாக வந்த பணத்தின் வங்கிக் கணக்கு, மாவு, கேஸ் சிலிண்டர் பில்கள், தெரு வியாபாரி அட்டை இருந்தால் அது, எல்லாமே சான்றுதான்.

எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள். கூடுதலாக 15 நாள் தரலாம். அதற்கு மேல் நீட்ட ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். தாமதமானால் அதைச் சுட்டிக்காட்டுங்கள். நிபுணர் கருத்து எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கு சொல்கிறது. ஆனால் உங்கள் வழக்கில், மூன்றாம் நாள் என்ன செய்திருக்க வேண்டும் என்று ஒரு சர்ஜன் எழுதிக் கொடுத்தால் பாதிக் கிணறு தாண்டியது போல. வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவின்படி, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு அழைத்தால் பெங்களூரு மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்கு வழி சொல்வார்கள்.

அடுத்து கவுன்சில். உங்கள் புகாரில் மருத்துவமனை பெயரை மட்டும் எழுதியிருந்தால் அது நகராது; டாக்டர்களின் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் பதிவு எண்ணைக் குறிப்பது டாக்டரின் கடமை. இல்லாவிட்டால் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுத் தேடலாம். கூடுதல் விளக்க மனு ஒன்று கொடுங்கள்: தேதி, நேரம், யார், என்ன சொன்னார், என்ன செய்தார், ஆதாரத்தின் பக்க எண், இவ்வளவும் அட்டவணையாக, இரண்டு மூன்று பக்கத்துக்குள். 'கொலைகாரர்கள்', 'பணப் பேய்கள்' போன்ற சொற்கள் இருந்தால் அடித்துவிடுங்கள். கோபம் நியாயமானது, ஆனால் அது விசாரிப்பவரின் கவனத்தைத் திருப்பிவிடும். வசந்தநகரில் இருக்கும் கவுன்சில் அலுவலகத்தில் எத்தனை பிரதி, எந்த வடிவில் பிரமாணப் பத்திரம் என்று கேட்டுக்கொண்டு, நோட்டரி கையெழுத்தோடு கொடுங்கள். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவது நல்லது. அம்மாவின் வாக்குமூலம் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்போடு தமிழ் மூலத்தையும் இணையுங்கள். பிறகு 'அவர் அப்படிச் சொல்லவில்லை' என்ற தகராறு வராது.

புகார் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மூலம் கேளுங்கள். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம்தான், 150 சொல்லுக்குள். கட்டணம் 10 ரூபாய். 'என் புகார் என்ன ஆனது' என்று கேட்டால் 'விசாரணையில் உள்ளது' என்ற பதிலே வரும். டாக்டருக்கு நோட்டீஸ் போன தேதி, அவர் பதில் வந்த தேதி, எத்தனை கூட்டங்களில் இந்தக் கோப்பு எடுத்துக்கொள்ளப்பட்டது, அடுத்த விசாரணை தேதி, டாக்டர் தந்த பதிலின் நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

2002 விதிமுறையின் 8.4 பிரிவு புகாரை ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. உங்களுடையது 14 மாதம். 8.7 பிரிவைக் காட்டி, டெல்லி துவாரகாவில் இருக்கும் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை மற்றும் பதிவு வாரியத்துக்கு எழுதுங்கள். தாமதமான புகாரை முடிக்கச் சொல்லவும், தானே எடுத்துக்கொள்ளவும் அந்தப் பிரிவில் இடமிருக்கிறது. அதிலும் அசைவில்லை என்றால், இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடும்படி கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். கேட்பது தீர்ப்பையல்ல, கெடுவை மட்டும். அதனால் இத்தகைய மனுக்கள் நீண்டு இழுப்பதில்லை.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. டாக்டரை டாக்டர்களே விசாரிப்பது சரியா?

மூன்றாம் நாளில் ஸ்கேன் எடுத்திருக்க வேண்டுமா, அந்த வீக்கத்தில் நாளத்தை அடையாளம் காண முடிந்திருக்குமா என்பதை இன்னொரு சர்ஜனால்தான் சொல்ல முடியும். டாக்டர்களை முழுவதுமாக விலக்கினால் தப்பும் தவறுமான முடிவுகள் வரும். நல்ல டாக்டர்களும் அதில் மாட்டுவார்கள். ஆனால் அம்மாவுக்குப் புரியாத மொழியில் கையெழுத்து வாங்கியது சரியா, வலிக்கிறது என்பவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பினால் சரியா, கேட்ட கேஸ் ஷீட்டை 72 மணி நேரத்தில் தராவிட்டால் சரியா என்பவற்றுக்கு சர்ஜரி படிப்பு தேவையில்லை. ஆகவே மனுவில் 'டாக்டர்கள் விசாரிக்கக்கூடாது' என்று எழுதாதீர்கள்; 'டாக்டர்கள் மட்டுமே விசாரிக்கக்கூடாது' என்று எழுதுங்கள். இதற்கு முன்னுதாரணம் நம் சட்டத்திலேயே இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, மத்திய நெறிமுறை வாரியத்தின் முழுநேர உறுப்பினர் இடம் ஒன்றை மருத்துவ நெறிமுறை, சட்டம், பொதுச் சுகாதாரம், நோயாளி உரிமை போன்ற துறைகளில் பெயர் பெற்ற ஒருவருக்கு வைத்திருக்கிறது. டெல்லியில் சரி என்றால் மாநிலக் கவுன்சிலின் ஒழுங்கு விசாரணைக் குழுவில் மட்டும் ஏன் கூடாது? பிரிட்டனில் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் 12 உறுப்பினர்களில் ஆறு பேர் டாக்டர் அல்லாதவர்கள். அதனால் அங்கே மருத்துவத் தொழில் அழிந்துவிடவில்லை.

பிரிட்டன் அந்த நிலைக்கு வந்தது எளிதாக அல்ல. ஹரால்டு ஷிப்மன் என்ற டாக்டர் தன் நோயாளிகளையே வரிசையாகக் கொன்ற விவகாரத்தை விசாரித்த டேம் ஜேனட் ஸ்மித், 2004 டிசம்பரில் தந்த ஐந்தாம் அறிக்கையில், கவுன்சில் பொதுமக்களைவிட டாக்டர்களைக் காப்பதிலேயே சாய்ந்திருந்தது என்று கடுமையாகச் சொன்னார். விசாரித்துக் குற்றம் சாட்டுவதும் தீர்ப்புச் சொல்வதும் ஒரே கையில் இருக்கக்கூடாது என்பது அவர் பரிந்துரைகளில் ஒன்று. 2012-இல் தீர்ப்புக்கென்று தனித் தீர்ப்பாயம் வந்தது. அதன் விசாரணைகள் பெரும்பாலும் பொது அரங்கில் நடக்கின்றன. காரணங்களோடு எழுதிய தீர்ப்பு வெளியாகிறது. தண்டனை மிகக் குறைவு என்று தோன்றினால் வெளி அமைப்பு ஒன்று உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். நம் கவுன்சில்களில் புகாரை வாங்குவது, விசாரிப்பது, முடிவெடுப்பது எல்லாம் ஒரே அமைப்பு. ஒரே ஊரில், ஒரே சங்கத்தில், ஒரே கல்லூரியில் பழகியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும் இந்த அமைப்பில் தயக்கம் வரத்தான் செய்யும். விசாரணை அதிகாரியைத் தனியாக நியமிப்பதும், சம்பந்தப்பட்ட டாக்டரைத் தெரிந்த உறுப்பினர் விலகிக்கொள்வதைக் கட்டாயமாக்குவதும், முடிவுகளைக் காரணங்களோடு கவுன்சில் இணையதளத்தில் போடுவதும் மனுவில் முதல் மூன்று கோரிக்கைகளாக இருக்கட்டும். நோயாளி பெயரை மறைத்துத்தான் வெளியிட வேண்டும். குற்றம் நிரூபணமாகாத டாக்டர் பெயரையும் மறைக்கலாம், காரணங்களை மறைக்கக்கூடாது.

அடுத்து, மேல்முறையீட்டு உரிமை. இது பெரிய அநியாயம். 2002 விதிமுறையின் 8.8 பிரிவு, கவுன்சில் முடிவால் பாதிக்கப்பட்டவர் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. நோயாளியும் அதில் வருவார். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன் 30-ஆம் பிரிவோ மேல்முறையீடு செய்யும் உரிமையை டாக்டருக்கு மட்டுமே வெளிப்படையாகத் தருகிறது. இதைக் காட்டி நோயாளிகளின் மேல்முறையீடுகள் திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. புகார் கொடுத்தவருக்குத் தீர்ப்பை எதிர்க்க இடமில்லை, புகாருக்கு ஆளானவருக்கு உண்டு என்பது எந்த நியாயத்திலும் சேராது. உங்கள் விஷயத்தில் கவுன்சில் முடிவு பாதகமாக வந்தால், 8.8-ஐக் காட்டி 60 நாளுக்குள் மேல்முறையீட்டை அனுப்பியே விடுங்கள். திருப்பி அனுப்பினால் அந்தக் கடிதத்தோடு உயர் நீதிமன்றம் போகலாம்.

ஆறு மாதக் கெடு விதியில் இருந்தும் பயனில்லை. மீறினால் எதுவும் ஆகாது என்பதுதான் காரணம். ஆகவே 'விரைந்து விசாரிக்க வேண்டும்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கட்டம் கட்டமாகக் கேளுங்கள்: 15 நாளில் புகார் எண், 30 நாளில் டாக்டரின் பதில், அது வந்த பத்து நாளில் புகார்தாரருக்கு நகல், 180-ஆம் நாள் முடிவு இல்லையென்றால் யாரும் கேட்காமலே கோப்பு மேல் வாரியத்துக்குப் போக வேண்டும். புகார் பதிவான அன்றே மூல ஆவணங்களின் சீலிட்ட நகல் கவுன்சிலுக்கு வந்துவிட வேண்டும். இது டாக்டர்களுக்கும் நன்மை. ஆதாரமில்லாத புகார் மூன்று வருடம் தலைமேல் தொங்கினால் அவர்களுக்கும் அது தண்டனைதான்.

நியூசிலாந்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுகாதாரப் புகார்களுக்கென்று ஓர் ஆணையர் இருக்கிறார். டாக்டர், நர்ஸ், மருத்துவமனை எதுவானாலும் புகார் அங்கே போகலாம். எங்கே அனுப்ப வேண்டும் என்று பிரிப்பது அவர்கள் வேலை. புகார் எழுதவும் பேசவும் துணைக்கு இலவச ஆலோசகர்களும் உண்டு. இங்கே அந்தப் பிரிக்கும் வேலையை, ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் தலையில் கட்டியிருக்கிறோம். பல் டாக்டர் என்றால் டென்டல் கவுன்சில், நர்ஸ் என்றால் நர்ஸிங் கவுன்சில், ஆயுர்வேதம் என்றால் அதற்குத் தனி என்று மக்களுக்கு எப்படித் தெரியும்? மாவட்ட சுகாதார அலுவலகத்தில் ஒரே புகார் மேசை, அங்கே தமிழ், உருது, தெலுங்கு தெரிந்த ஆட்கள், விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் என்று கேளுங்கள். ஒப்புதல் படிவம் நோயாளி படிக்கும் மொழியில் வேண்டும் என்பதையும் சேருங்கள். சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம், விவேக்நகர் எங்கும் இந்தப் பிரச்சினை உண்டு. கன்னடம் மட்டும் தெரிந்தவருக்கும் ஆங்கிலப் படிவம் இதே பிரச்சினைதான். ஆகவே மனுவில் கன்னடக் குடும்பங்களின் கையெழுத்தும் இருக்கட்டும்.

மன்னிப்பு பற்றியும் ஒரு கோரிக்கை வைக்கலாம். 'தவறு நடந்துவிட்டது, வருந்துகிறோம்' என்று டாக்டர் சொன்னால் அதையே வழக்கில் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் மருத்துவமனைகள் இரண்டு வரிப் பதிலோடு வாயை மூடிக்கொள்கின்றன. இங்கிலாந்தில் 2006-இல் வந்த சட்டப்படி, மன்னிப்புக் கேட்பது மட்டுமே பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது. 2014 முதல் அரசு மருத்துவமனைகள் பெரிய தீங்கு நேர்ந்தால் நோயாளியிடம் தாமே சொல்ல வேண்டும் என்ற கடமையும் வந்தது. இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். பாதுகாப்பு மட்டும் கொடுத்துக் கடமையை விட்டால் பயனில்லை.

மனுவை எங்கே கொடுப்பது என்பதில் பலரும் சறுக்குகிறார்கள். மேல்முறையீட்டு உரிமை நாடாளுமன்றச் சட்டம், அது எம்.பி.க்கும் மத்திய சுகாதார அமைச்சகத்துக்கும் போக வேண்டும். கவுன்சிலின் உறுப்பினர் அமைப்பு 1961-ஆம் ஆண்டு கர்நாடக மருத்துவப் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது, அது எம்.எல்.ஏ.வுக்கும் மாநில சுகாதார அமைச்சருக்கும். புகார் மேசை, படிவ மொழி, ஆவண நகல் ஆகியவற்றை மாநில சுகாதாரத் துறையே உத்தரவாலும் விதியாலும் செய்யலாம். அவற்றைத் தனி மனுவாக துறைச் செயலாளருக்கும் டி.சி.க்கும் கொடுங்கள். மூன்றையும் ஒரே காகிதத்தில் எழுதினால் ஒவ்வொருவரும் 'இது எங்கள் அதிகாரத்தில் இல்லை' என்று அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு மனுவும் இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். உங்கள் அம்மாவின் கதையைப் பெயர் சொல்லாமல் பத்து வரியில் சேருங்கள். மருத்துவமனை, டாக்டர் பெயரையும் அதில் எழுத வேண்டாம். வழக்கு நடக்கும்போது அது உங்களுக்கே பாதகமாகும்.

நுகர்வோர் வழக்கின் நோட்டீஸ் போனதும் மருத்துவமனை சமரசம் பேச வரலாம். பணம் தர முன்வந்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வக்கீல் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 'கவுன்சில் புகாரையும் திரும்பப் பெறுகிறேன்', 'இதுபற்றி யாரிடமும் பேச மாட்டேன்' என்ற வரிகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். தொகை காசோலையாகவோ வங்கி மூலமாகவோ அம்மா கணக்குக்கு வந்து சேர்ந்த பிறகே நுகர்வோர் வழக்கை முடித்துக்கொள்ளும் மனு போக வேண்டும்.